தளை தட்டுகிறது என்று சொன்ன பிறகு

வெண்பா எழுதிப் பழகுகிறவர்கள் கூடும் இடத்தில் பெரும்பாலும் இரண்டு குரல்கள்தான் கேட்கும். ஒன்று, "அருமை ஐயா, அருமை!" இன்னொன்று, "மூன்றாம் சீரில் தளை தட்டுகிறதே." முதலாவது எழுதியவரைக் குளிர வைக்கும். இரண்டாவது பாட்டை இலக்கணத்துக்குள் கொண்டுவரும். இரண்டுக்கும் நடுவே சொல்ல வேண்டியது ஏராளம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பார்ப்போம்.

யாப்பு பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெண்பாவில் ஒரு சீர் எப்படி முடிகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த சீர் தொடங்கும். மாச்சீருக்குப் பின்னால் நிரையசை வர வேண்டும். விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின்னால் நேரசை. 'தே' என்பது நேர், 'மழை' என்பது நிரை. இந்தக் கணக்கு பிசகினால் தளை தட்டுகிறது என்பார்கள். இப்போது புதிதாக எழுத வந்த ஒருவர் ஒரு குறள் வெண்பாவைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நானே கட்டியது இது:

மாலை மழையில் மணக்கும் தேநீரைச்
சாலைக் கடையில் சுவை.

'மணக்கும்' என்பது புளிமா, அதாவது மாச்சீர். அடுத்து நிரை வர வேண்டிய இடத்தில் தேநீரின் 'தே' நேராக வந்து நிற்கிறது. யாப்பருங்கலக் காரிகை என்ற இலக்கண நூலைப் படித்த எவரும் சில நொடிகளில் பிடித்துவிடுவார். இப்படிப் பிடித்துச் சொல்வது நல்ல விமர்சனம்தான், குறைத்து மதிப்பிட வேண்டாம். எந்த இடம், என்ன காரணம் என்று இரண்டும் அதில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். எழுதியவர் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. 'மணக்கும்' என்பதை 'மணக்கின்ற' என்று ஆக்கினால் அது புளிமாங்காய். காய் முன் நேர், தளை சரியாகிவிட்டது. எதுகை உண்டு, மோனை உண்டு, ஈற்றுச்சீரும் மலர் வாய்பாட்டில் கச்சிதமாக முடிகிறது. எல்லோரும் கைதட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

பாட்டு தேறிவிட்டதா என்றால், இல்லை. மாலை, மழை, தேநீர், சாலையோரக் கடை என்று நான்குமே எழுதி எழுதித் தேய்ந்தவை. எந்தத் தேநீர்தான் மணக்காது? அந்தச் சொல் மோனைக்காக வந்து உட்கார்ந்திருக்கிறது. சுவைத்துப் பார் என்று யாரிடம் சொல்கிறார் என்பதும் தெரியவில்லை. எழுதியவர் ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறார். அந்த ஏதோ ஒன்று பாட்டுக்குள் வரவில்லை. தளைப் பிழை கண்ணில் படுவதால் இந்தப் பெரிய குறை அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. மரபுக்கவிதைக் குழுக்களின் பெரிய சங்கடமே இதுதான் என்பேன்.

இதை எப்படிச் சொல்வது? "புதுசா ஒண்ணுமில்லையே தம்பி" என்றால் அது உண்மைதான். ஆனால் தம்பி அடுத்த வாரம் வரமாட்டார். அதைவிட, படிக்கும்போது தனக்கு நேர்ந்ததை அப்படியே சொல்லலாம். "முதலடி படிச்சதும் மழை கண்ணுக்குள்ள வந்துடுச்சு. ரெண்டாவது அடியில கடைக்குள்ள போனதும் அந்த மழையக் காணோம். கடையில என்ன பார்த்தீங்க?" இதில் தீர்ப்பு இல்லை, ஒரு வாசகருக்கு நடந்தது மட்டும் இருக்கிறது. கூடவே ஒரு கேள்வி. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூரை ஒழுகி டம்ளருக்குள்ளயே சொட்டிச்சுங்க, அப்படியே குடிச்சுட்டேன்" என்று சொல்லக்கூடும். பாட்டு அங்கேதான் இருக்கிறது. அதை வெண்பாவுக்குள் கொண்டுவருவது அவர் பாடு.

அவர் பாடு என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த இடத்தில்தான் குழுவின் ஆசான் பேனாவை எடுப்பார். அங்கேயே திருத்தி, சொட்டும் கூரையையும் சேர்த்து, அழகான இரண்டடி எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் பிழையில்லாத அந்த வெண்பா இப்போது ஆசானுடையது. டீக்கடையில் நாம் "மாஸ்டர், துவர்ப்பு தூக்கலா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பாய்லர் பக்கம் போய் நின்று தூளை அளந்து போடுவதில்லை. வாசகருக்குத் தெரிவது துவர்ப்பு. எதைக் குறைக்க வேண்டும் என்பது போட்டவருக்குத்தான் தெரியும்.

லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடன அமைப்பாளர் 1990-இல் இப்படி விமர்சனம் சொல்வதற்கென்று நான்கு படிகள் கொண்ட ஒரு முறையை வகுத்தார். முதலில், படைப்பில் மனதில் நின்றது எது என்று பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். அடுத்து, கலைஞர் தன் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவது, பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் அபிப்பிராயத்தை ஒளித்துவைக்கக் கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் கலைஞர் சம்மதித்தால். ஒவ்வொரு அபிப்பிராயத்துக்கும் அனுமதி கேட்பது நம் ஊர்க் கூட்டங்களுக்குக் கொஞ்சம் சடங்காகத் தோன்றலாம். மூன்றாவது படி மட்டும் பொன்னானது. "ஏன் இத்தனை பழைய உவமையைப் போட்டீர்கள்?" என்பது கேள்விக்குறி போட்ட குட்டு. "இந்த உவமை எங்கிருந்து வந்தது?" என்பதுதான் கேள்வி.

இனி, கேட்டுக்கொள்ளும் பக்கம். சொல்வதைவிட இது கடினம். 1956-இல் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டு என்ற சிற்றூரில் டேமன் நைட் முதலான அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடிக் கதைகளை அலசத் தொடங்கினார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேச வேண்டும். எழுதியவர் எல்லோரும் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. 1968-இல் தொடங்கிய கிளாரியன் பட்டறையும் இந்த வழியையே எடுத்துக்கொண்டது. நம் அரங்கேற்றம் இதற்கு நேர் எதிர். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு முன் தொல்காப்பியம் அரங்கேறியதாகப் பனம்பாரனாரின் பாயிரம் சொல்கிறது. அங்கே நூலாசிரியர் ஆசானுக்குத் தெளியச் சொல்லியாக வேண்டும், மௌனம் உதவாது.

என்னைக் கேட்டால், முடிந்த நூலுக்கு அரங்கேற்ற வழி பொருத்தம். பழகும் பாட்டுக்கு மில்ஃபோர்டு மௌனம்தான் சரி. எழுதியவர் குறுக்கிட்டு, "நான் சொல்ல வந்தது என்னன்னா" என்று தொடங்கிய உடனே, கேட்பவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். அவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பது அத்தோடு மறைந்துபோகும். வாயை மூடிக்கொண்டு குறித்துக்கொள்வதே லாபம். மூன்று பேர் மூன்று விதமாகத் திருத்தச் சொல்லலாம், மூன்றும் தப்பாகவே இருக்கலாம். ஆனால் மூவரும் ஒரே அடியைச் சுட்டினால் அந்த அடியில் ஏதோ கோளாறு இருக்கிறது.

தளை விஷயத்தில் மட்டும், கடைசியில் தாராளமாகப் பதில் சொல்லலாம். குற்றியலிகரம் வரும் இடத்தில் அலகு, அதாவது அசைக் கணக்கு, மாறும். சந்தி பிரித்து அச்சிட்டால் சரியான வெண்பாவும் தட்டுவதுபோலத் தெரியும். தவறாகச் சுட்டுகிறவர்களும் உண்டு. இதில் அபிப்பிராயத்துக்கு வேலையில்லை, அலகிட்டுக் காட்டினால் போதும்.

வயதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இருபத்தைந்து வயதுக்காரர் பாட்டில் தளை தட்டினால் பத்துப் பேர் சொல்வார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பாட்டில் தட்டினால் எல்லோரும் டீ குடிப்பார்கள். இதற்கும் கேள்விதான் வழி. "ஐயா, இந்தச் சீரை எப்படி அலகிடணும்?" என்று இளையவர் கேட்டால் அதில் பணிவும் இருக்கிறது, விஷயமும் இருக்கிறது. ஐயா வாய்விட்டு அலகிடும்போது அவருக்கே தட்டும். தட்டாவிட்டால் கேட்டவர் ஒன்று கற்றுக்கொள்வார்.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யார் முதலில் பேசுவது என்பதை மாற்றிப் பாருங்கள். ஆசான் முதலில் பேசினால் பின்னால் பேசுகிற அத்தனை பேரும் அவர் சொன்னதையே வேறு சொற்களில் சொல்வார்கள். வந்திருப்பவர்களில் இளையவர் தொடங்கட்டும், ஆசான் கடைசியில் பேசட்டும். பேனா அதுவரை அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.