பால்மாப் பேணிகளில் ஒரு மோட்டார்க் கார்

சப்பிரகமுவைத் தோட்டப் பகுதிகளில் நடந்து திரிந்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். குவாட்டர்ஸின் பின்புறம், பலாமரத்தடியில், நான்கு கம்பு நட்டு மேலே தகரம் போட்ட ஒரு கொட்டகை. அதனுள்ளே உரச்சாக்குகளைப் போர்த்துக்கொண்டு ஒரு பழைய கார் கிடக்கும். சில்லுகள் இரா, சில்லுகள் இருக்கவேண்டிய இடத்தில் செங்கற்கள் அடுக்கப்பட்டிருக்கும். பின்னாசனத்திலே கோழி அடைகாக்கும். யாருடைய கார் என்று கேட்டால், வீட்டுக்காரர் சற்றும் தயங்காமல், "நம்முடையதுதான். வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்பார். அந்த வேலை தொடங்கி இருபது ஆண்டு கழிந்திருக்கும்.

இத்தகையோரைப் பார்த்து நகைப்பது எளிது. நாமும் நகைத்தவர்களே. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் ஆசிரியத் தொழில் பார்த்த இத்தனை ஆண்டுகளில், இவ்வாறு கிடந்த கார்கள் ஏழெட்டையேனும் கண்டிருப்போம். அவற்றுள் ஓடியதைக் கண்டது ஒன்றே. அந்த ஒன்றின் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுந்தோம்.

முதலில், இந்தக் கார்கள் மலைநாட்டு மூலைகளுக்கு வந்த விதத்தைச் சிறிது சொல்லவேண்டும். தோட்டத்துத் துரைமார் காலத்தில் இங்கிலாந்திலிருந்து மொறிஸ், ஒஸ்டின் ஆகிய கார்கள் தாராளமாக இறங்கின. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. புதுக்கார் இறக்குமதி அருகியது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் கப்பலேறினர், கார்கள் தங்கிவிட்டன. இரத்தினபுரி மாணிக்க வியாபாரிகளும், பெரிய கிளாக்கர்மாரும், டிஸ்பென்சர்மாரும் அவற்றை வாங்கினர். புதியது கிடையாதாகையால் பழையதைத் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்தன; மொறிஸும் ஒஸ்டினும் கொட்டகை புகுந்தன.

எமது கதையின் கார், 1957ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. களுகங்கைக்குச் சற்று மேலே உள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்தின் பெரிய கிளாக்கர், 1994இல் அதை ஒரு மாணிக்க வியாபாரியிடம் வாங்கினார். பழைய நண்பராகிய அவரைப் பெயர் சொல்லாது கிளாக்கர் ஐயா என்றே குறிப்போம். வாங்கும்போது கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இது முக்கியம். ஓடிய காரை, "முற்றாகப் புதிதாக்கிவிட வேண்டும்" என்ற ஆசையினால், ஒரே பொங்கல் விடுமுறையில் அவர் முழுக்கக் கழற்றிவிட்டார். எஞ்சின் வேறு, கியர்ப் பெட்டி வேறு, கதவு வேறு. நட்டுகளும் ஆணிகளும் வால்வுகளும் பால்மாப் பேணிகளிலே போய் அமர்ந்தன. கணக்குப் புத்தகம் எழுதிப் பழகிய கையல்லவா? ஒவ்வொரு பேணிக்கும் இலக்கமிட்டு, உள்ளடக்கத்தை அழகிய எழுத்தில் எழுதி ஒட்டினார். மொத்தம் 43 பேணிகள்.

பிறகு என்ன நடந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. பிள்ளைகளின் படிப்பு, தகப்பனாரின் நோய், தோட்டத்தில் வேலைநிறுத்தம், வீட்டுக்காரியின் கோபம். இரத்தினபுரியின் மழையோ ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. தொட்டதையெல்லாம் கறள் பிடிக்கச் செய்வது. ஓராண்டு முழுவதும் அவர் செய்து முடித்தது ஒரே வேலை: கதவுக்குப் பக்கத்துத் தூணிலிருந்து எழும்பித் திரும்பும் திசையைக் காட்டும் சிறு கைகாட்டி. அக்காலத்து மைனரில் மினுங்கும் விளக்குக்குப் பதிலாக அதுதான் இருந்தது. பற்றரியில் கம்பியைத் தொடுத்து, எழும்புகிறதா என்று எம்மை அழைத்துக் காட்டினார். எழும்பியது. காரின் அடித்தகட்டில் ஓட்டை இருக்கையில் கைகாட்டியைத் திருத்தி என்ன பயன் என்று கேட்டோம். "மாஸ்டர், மிச்சமெல்லாம் பென்சன் எடுத்த பிறகு. அப்போது நேரத்துக்கு என்ன குறை?" என்றார்.

நேரம் கிடைத்தது; கொட்டகை போய்விட்டது. தோட்டத்து உத்தியோகத்தர் ஓய்வுபெற்றால் குவாட்டர்ஸை ஒப்படைக்கவேண்டும் என்பது யாவரும் அறிந்த விதி. அதை அவர் அறியாதவரல்லர். காரோடு சேர்த்து எண்ணிப்பார்க்கவில்லை, அவ்வளவுதான். சேமலாப நிதி மகளின் கலியாணத்துக்குச் சென்றது. ஆற்றங்கரையை அடுத்த பள்ளத்திலே சிறிய வீடொன்று வாங்கி, காரை லொறியிலேற்றிப் பேணிகளைச் சாக்கிலே கட்டிக் கொண்டுபோனார். 2017 மே மாதப் பெருவெள்ளம் அந்த வீட்டின் ஜன்னல் மட்டம் வரை ஏறியது. வெள்ளம் வற்றியபின் நாம் போய்ப் பார்த்தபோது, அவர் சேற்றிலே குந்தியிருந்து பேணிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒட்டிய கடதாசிகளெல்லாம் போய்விட்டன. பிந்திய காலத்தில் கடதாசி தீர்ந்துபோனதால் ஆணியாற் கீறி எழுதிய பேணிகளின் எழுத்து மட்டுமே எஞ்சியிருந்தது. 2019இல் அவர் காலமானார்.

இங்கே கதையை நிறுத்திவிட்டு, இந்தக் காரைப் படைத்தவரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அவரும் ஒரு கொட்டகைக்காரரே.

மொறிஸ் மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மேர்னா நகரிலே பிறந்தவர். அது இன்று துருக்கியின் இஸ்மிர். 1922இல் அந்நகர் போரில் அழிந்தபோது பெற்றோருடன் மோல்ற்றாவுக்கு அகதியாகச் சென்றார். தந்தையார் அங்கே இறந்தார். தாயும் மகனும் இங்கிலாந்து சேர்ந்தார்கள். மகன் பொறியியல் படிக்கப் போய்க் கணிதப் பரீட்சையில் மூன்று முறை தவறினார். (எமது மாணவர்கள் இதனை ஒரு சலுகையாகக் கொள்ளாதிருப்பார்களாக.) 1930களில் அவர் பகலில் கார்க் கம்பெனிகளில் உத்தியோகம் பார்த்தார், மாலையிலும் ஞாயிறுகளிலும், தாயார் வீட்டையடுத்த சிறு கராஜில், ஜோர்ஜ் டௌசன் என்ற நண்பருடன் சேர்ந்து ஓர் ஓட்டப்பந்தயக் காரைக் கையாலேயே செய்தார். ஒஸ்டின் செவன் என்ற சின்னக் காரின் உறுப்புகள்தாம் அதற்கு மூலம். மின்சாரக் கருவி ஒன்றும் இல்லை. அரமும் வாளும் சுத்தியலுமே. அதன் பெயர் லைட்வெயிட் ஸ்பெஷல். பல ஆண்டு சென்றது. ஆயினும் இரண்டாம் உலகப்போர் மூளுமுன்னர் அது முடிந்து ஓடியது.

அந்தக் காரின் வில்லுகளுக்கு அவர் உருக்கைக் கொள்ளவில்லை, இறப்பரைக் கொண்டார். எம்மவர்க்கு இது சுவையான செய்தி. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் முதன்முதல் நடப்பட்ட மரத்தின் சந்ததிதானே இன்று கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளை மூடி நிற்கின்றது! கராஜிலே இரண்டு நண்பர்கள் இறப்பரை வைத்து விளையாடிய விளையாட்டு வீண்போகவில்லை. 1959இல் அதே இசிகோனிஸ் உலகுக்குத் தந்த மினி காரும், அலெக்ஸ் மோல்ற்றன் அமைத்த இறப்பர்க் கூம்புகளின் மீதே நின்றது.

மைனரோ 1948இல் இலண்டன் கண்காட்சிக்கு வந்தது. அதன் உருவத்தை முதலாளி நஃபீல்ட் பிரபுவே வெறுத்து, உடைத்து அவித்த முட்டை போலிருக்கிறது என்றாராம். கடைசி நேரத்தில் இசிகோனிஸுக்குக் காரின் அகலம் போதாதென்று பட்டது. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கி மறுபடி பொருத்தச் செய்தார். மூடியின் நடுவே ஓடும் மேடான பட்டை அந்த வெட்டின் அடையாளம். இனி ஒரு மைனரைக் கண்டால் அதைத் தடவிப் பாருங்கள். குறையை மறைக்க நேரமில்லை, மறையாமலே முடித்தார்கள். அவ்வாறு முடித்த கார் 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் விற்றது. 1990களில் இலங்கையிலேயே அதன் தகட்டுப் பாகங்கள் செய்யப்பட்டு, இங்கிலாந்தின் பாத் நகரில் சாள்ஸ் வேர் நடத்திய மொறிஸ் மைனர் நிலையத்துக்குப் போயின என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

முடிப்பதென்றால் இனித் தொடுவதில்லை என்பதன்று. நியூசிலாந்தின் இன்வர்காகில் ஊரிலே பேர்ட் மன்ரோ என்றொருவர் இருந்தார். 1920இல் செய்யப்பட்ட இந்தியன் மோட்டார்ச் சைக்கிள் ஒன்றை ஏறத்தாழ நாற்பது ஆண்டு கொட்டகையிலே வைத்துத் திருத்தினார். பிஸ்டன்களைத் தாமே வார்த்தார். உடைந்தவற்றைத் தட்டிலே வரிசையாக அடுக்கி வைத்தார். இருதயநோயுடன், 68 வயதில், 1967இல் அமெரிக்காவின் பொன்வில் உப்புவெளியில் அதை ஓட்டி, மணிக்கு 183 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் உலக சாதனை வைத்தார். அவருடைய வேலையும் ஒருநாளும் முடிந்ததில்லை. ஆனால் வண்டி இடையிடையே ஓடிக்கொண்டே இருந்தது. கிளாக்கர் ஐயாவுக்கும் மன்ரோவுக்கும் உள்ள வேற்றுமை திறமையிலன்று. இதிலேதான் என்பது எமது கருத்து.

இனிக் கதைக்கு வருவோம். கிளாக்கர் ஐயாவின் மகன் எம்மிடம் படித்தவன். 2021இல் அதே தோட்டத்து ஸ்டோரில் அவனுக்கு உத்தியோகம் கிடைத்தது. அதே வரிசையில் குவாட்டர்ஸும் கிடைத்தது. காரைப் பழைய இரும்புக்கு நிறுத்துவிடலாமா என்று ஆலோசனை கேட்க வந்தான். இரும்பு விலை நல்ல விலைதான். அவனுடைய தாயார் வாசலில் நின்று, "தம்பி, அவர் இருபத்தைந்து வருசம் காத்ததை நாங்கள் ஒரு நாளில் நிறுக்கிறதா?" என்று மட்டும் சொன்னார். அதே கார்மீது எத்தனை சண்டை பிடித்தவர் அவர்!

நாமும் மகனும் போயா நாட்களில் வேலை தொடங்கினோம். ஒன்றை மட்டும் உறுதி செய்துகொண்டோம்: புதிதாக்குவதில்லை, ஓடவைப்பது. ஓராண்டுக்குள் உருளவேண்டும், இரண்டாண்டுக்குள் எஞ்சின் பேசவேண்டும், நிறப்பூச்சைப் பற்றி அதுவரை வாய்திறப்பதில்லை. ஒரு பகுதியைப் பூட்டி முடியாமல் மறு பகுதியைத் தொடுவதில்லை என்றும் தீர்மானித்தோம். முதலிலே பிறேக். மைனரின் பிறேக் மூல உருளை சாரதியின் காலடித் தகட்டின் கீழே ஒளிந்திருக்கும். அதனுள் 2017ஆம் ஆண்டின் ஆற்றுமண் இறுகிக் கிடந்தது. அதற்குரிய இறப்பர்க் கிண்ணம் கிடைக்கவில்லை. வாகன இறக்குமதி 2020இலேயே நின்றுவிட்டதால் பழைய கார்களுக்குத் திடீர் மதிப்பு ஏற்பட்டு, உதிரிப்பாகங்களும் யானைவிலையாயின. சுற்றிலும் பால்வெட்டு நடக்கும் இறப்பர் மரங்கள். நடுவிலே இரண்டு விரல் அகலமில்லாத இறப்பர்க் கிண்ணத்துக்காக ஏழு மாதம் காத்திருந்தோம். 2022இல் பெற்றோலே இல்லை. அதனால் எமக்கு நட்டமும் இல்லை.

பிஸ்டன்கள் இறுகியிருந்தன. மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி மூன்று வாரம் ஊறவிட்டு, ஒருநாள் மெல்ல அசைத்தபோது எஞ்சின் ஒரு முனகலுடன் சுற்றியது. பேணிகள்தாம் பெருஞ்சோதனை. ஆணியாற் கீறிய எழுத்திருந்தவை பதினொன்று; மற்ற முப்பத்திரண்டும் ஊமைகள். ஒவ்வொரு நட்டையும் கையிலெடுத்து, இது எங்கே இருந்திருக்கும் என்று ஊகித்தே பூட்டினோம். முடிவில் ஒரு கிண்ணம் நிறைய மிச்சம் வந்தது. அவை எங்கே போகவேண்டியவை என்பது கிளாக்கர் ஐயாவுக்கே வெளிச்சம்.

எல்லாம் பூட்டியும் எஞ்சின் பிடிக்கவில்லை. வெடித்துப் புகைகக்கி அடங்கியது. இரண்டு ஞாயிறு அப்படியே போயின. மூன்றாம் ஞாயிறு, தாயார் வேறெதற்கோ ஒரு பேணி மூடியைத் திருப்பியபோது, உட்புறத்திலே ஆணியாற் கீறிய நான்கு எண்கள் தெரிந்தன: 1, 3, 4, 2. நெருப்புப்பொறி கொடுக்கவேண்டிய வரிசை! நாமோ கம்பிகளை 1, 2, 3, 4 என்று கணித வாத்தியார்த்தனமாகக் கொளுவியிருந்தோம். மாற்றிக் கொளுவினோம். மகன் இழுத்தான். பிடித்துக்கொண்டது. அயல் குவாட்டர்ஸிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடிவந்தார்கள். கொட்டகைக் கோழிகள் இறப்பர்க் காட்டுக்குள் ஓடின.

அது 2024 ஆவணி மாதம். காருக்கு இன்னும் நிறம் பூசவில்லை. ஒரு கதவு வேறு காரினது. பதிவுப் புத்தகம் காலமானவர் பெயரில் இருப்பதால் அதை மாற்றும் அலுவல் தனியே நடந்துகொண்டிருந்தது. ஆதலால் பொதுத்தெருவில் இறக்கவில்லை. தோட்டத்துத் துரையிடம் அனுமதி பெற்று, தோட்டப் பாதையிலேயே மாரியம்மன் கோயில் வரை போய்வருவதென்று ஏற்பாடு. முன்னாசனத்தில் தாயார் வெள்ளைச் சேலையுடன் ஏறியமர்ந்தார். நாம் பின்னாலே, கோழி அடைகாத்த இடத்தில்.

ஸ்டோர்ச் சந்தியில் இடப்புறம் திரும்பவேண்டும். மகன் விசையைத் திருப்பினான். தூணிலிருந்து அந்தச் சின்னக் கைகாட்டி டக்கென்று எழும்பி நின்றது. தாயார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபின் அதை மடக்கவேண்டும் என்பது மகனுக்குத் தெரியாது; எமக்குத் தெரிந்தும் சொல்லவில்லை. கோயில் வாசல்வரை அது எழும்பியபடியே வந்தது.