ஐந்தாண்டு யாருடையது?

பதவிக்காலம் என்றதும் பதவியில் இருப்பவரின் ஆயுளைப் பற்றிய பேச்சாகவே அதை எடுத்துக்கொள்கிறோம். சட்டத்தின் வாசகம் வேறு. 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ‘243 இ’ பிரிவில் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொல்கிறது. ஊராட்சியின் காலம் முதல் கூட்டத்திலிருந்து ஐந்தாண்டு, அதற்கு மேல் கிடையாது. அது முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும். முதலாவது தலைவரைக் கட்டுப்படுத்துகிறது, இரண்டாவது அரசை.

இரண்டாவது சும்மா எழுதப்பட்டதல்ல. தமிழ்நாட்டில் 1970க்குப் பிறகு 1986இல்தான் ஊராட்சித் தேர்தல், அடுத்தது 1996இல். திருத்தத்துக்குப் பின் 2001, 2006, 2011 என்று ஒழுங்காக நடந்தது. 2016 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை என்று இழுத்து, சேலம், நாமக்கல் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் வாக்குப்பதிவு. அப்போது வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர். ஆக, பதவி முடியும் தேதி மட்டும் பிசகாமல் அமலாகிறது. தேர்தல் ஆணையம் சாக்குச் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2006லேயே சொல்லியாயிற்று.

சேலம் மாவட்டத்தில் 20 ஒன்றியங்கள், 385 ஊராட்சிகள். நாமக்கல்லில் 15, 322. சராசரியாக இருபது ஊருக்கு ஒரு வட்டார வளர்ச்சி அலுவலகம். “தண்ணி வல்லீன்னா பிரசிடெண்ட் ஊட்டு வாசல்ல நின்னு சத்தம் போடலாம். பிடிஓவ எங்கீங்க போய்த் தேடறது?” என்று ராசிபுரம் பக்கம் ஒரு அம்மா என்னிடம் கேட்டார். அந்தச் சத்தம் போடும் உரிமையைத்தான் நான் பதவிக்காலம் என்கிறேன்.

இன்னொன்று. தலைவர் நாற்காலிக்குத் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு உண்டு. தனி அலுவலரின் நாற்காலிக்கு அது கிடையாது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் பத்தாண்டுகள், தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்குத் தேர்தலே நடக்கவிடவில்லை. மீறி ஜெயித்தவரை ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006இல்தான் அது உடைந்தது. அங்கே ஐந்தாண்டை விழுங்கியது சாதி என்று நாமெல்லாம் எழுதினோம், கூட்டம் போட்டோம். இங்கே விழுங்குவது கோப்பு. ஆதிக்கம் முகம் காட்டாமல் வந்தால் நமக்குக் கோபம் வருவதில்லை போலும்.

2016க்கும் 2019க்கும் இடையில் போன மூன்று வருசத்தை எந்தத் தேர்தலும் திருப்பித் தரவில்லை. அந்த மூன்று வருசம் தலைவராக இருந்திருக்க வேண்டிய பெண் யார் என்பதுகூட நமக்குத் தெரியாது.