படம் வரைகிற கை பாடினால்? (ஏ.ஐ. கலைக்கூடம் – 6)

படம் வரையும் மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் இரண்டையும் பார்த்துவிட்டோம். வெறும் புள்ளி இரைச்சலிலிருந்து படம் தெளிந்து வரும் விதம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் பாட்டு உருவாக்கும் சூனோ, யூடியோ இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ரிஃப்யூஷன் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு வாரமாக மண்டைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

2022 டிசம்பரில் சேத் ஃபோர்ஸ்கிரென், ஹேக் மார்டிரோஸ் என்ற இரு நண்பர்கள் பொழுதுபோக்காகச் செய்து வெளியிட்டது அது. இசைக்கென்று புதிதாக ஒரு மாடலை அவர்கள் கட்டவில்லை. படம் வரையப் பழகிய ஸ்டேபிள் டிஃப்யூஷனையே எடுத்துக்கொண்டு, அதற்கு ஸ்பெக்ட்ரோகிராம்களைக் காட்டிக் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். ஸ்பெக்ட்ரோகிராம் என்பது ஒலியின் படம். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழே மந்திர ஸ்தாயி, மேலே தார ஸ்தாயி. ஒலி ஓங்குமிடத்தில் வெளிச்சம் கூடும். நம் வித்வான் ஒருவர் காம்போதி பாடுவதை இப்படிப் படமாக்கிப் பாருங்கள். கமகங்கள் கோடு கோடாக வளைந்து நெளிவது கண்ணுக்கே தெரியும்.

சாக்ஸபோன் வேண்டும் என்று எழுதினால், பூனையையும் மலையையும் வரைந்த அதே மென்பொருள் சாக்ஸபோன் ஓசையின் படத்தை வரைந்தது! 512க்கு 512 புள்ளிகள் உள்ள ஒரு சதுரம். ஒலியாக மாற்றினால் ஐந்து விநாடி இசை. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒலி எவ்வளவு ஓங்கியது என்பது மட்டும்தான் அந்தப் படத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அலையும் எந்த நிலையில் கிளம்பியது என்ற தகவல் இல்லை. அதை ஊகித்து நிரப்ப, கிரிஃபின், லிம் என்ற இருவர் 1984-இல் கொடுத்த கணக்குமுறை கைகொடுத்தது.

இதன் அருமை புரிய 2020-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஜூக்பாக்ஸ், ஒலியலையையே நேராகக் கையாண்டது. சிடி தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 எண்கள். நான்கு நிமிடப் பாட்டு என்றால் ஒரு கோடியைத் தாண்டும். ஒரு நிமிட இசையை உருவாக்க அதற்குச் சுமார் 9 மணி நேரம் பிடித்தது.

ஒலியை வரையும் ஆசை கணினிக்கும் முந்தியது. யெவ்கெனி முர்சின் என்ற சோவியத் பொறியாளர் ஏ.என்.எஸ். என்றொரு கருவி செய்தார். இசைமேதை ஸ்க்ரியாபினின் பெயர் முதலெழுத்துகள்தான் அதன் பெயர். கறுப்பு மெழுகு பூசிய கண்ணாடியில் இசையமைப்பாளர் கீறுவார். கீறிய இடத்தில் ஒளி புகும். கருவியில் தயாராக இருக்கும் 720 சுருதிகளில் அந்த இடத்துக்குரியது ஒலிக்கும். அந்த மெழுகு காய்வதே இல்லை. கீறியது பிடிக்கவில்லையா, விரலால் தடவி மூடிவிட்டு வேறு கீறலாம். தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ (1972) படத்துக்கு இசையமைப்பாளர் அர்தெமியேவ் இந்தக் கருவியைப் பயன்படுத்தினார். மாஸ்கோ இசை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

அப்படியானால் படக்கருவியும் பாட்டுக்கருவியும் ஒன்றுதானா? இல்லை என்பதையும் ரிஃப்யூஷனே காட்டிக்கொடுக்கிறது. படத்தில் பூனையை இரண்டு அங்குலம் மேலே நகர்த்தினாலும் பூனை பூனைதான். ஸ்பெக்ட்ரோகிராமில் ஒரு கோட்டை மேலே நகர்த்தினால் ஸ்வரமே மாறிவிடும். படத்தில் முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரை மறைப்பார். ஒலியில் யாரும் யாரையும் மறைப்பதில்லை. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூடிக்கொண்டே போகும்.

பயன்படுத்தும்போது இந்த வித்தியாசம் முகத்தில் அறைகிறது. ஒரு படக்கருவியிடம் வீணை வாசிக்கும் பெண்ணைக் கேட்டேன். வலது கையில் ஆறு விரல். அந்தக் கையை மட்டும் வட்டமிட்டுக் காட்டி மறுபடி வரையச் சொன்னேன். கை சரியானது, வீணையும் முகமும் அசையவில்லை. ஒரு பாட்டுக்கருவியிடம் நாகஸ்வரமும் தவிலும் கேட்டேன். நாகஸ்வரம் ஷெனாய் மாதிரி மெலிந்து வந்தது. அந்தப் பகுதியை மட்டும் திருத்தச் சொன்னால், நாகஸ்வரம் கொஞ்சம் தேறியது; ஆனால் நன்றாக விழுந்திருந்த தவில் சொற்கள் வேறாகிவிட்டன. தவிலின் முத்தாய்ப்பு போனது போனதுதான். பாட்டுக்கருவிகளை நான் எடைபோடுவது இந்த ஒன்றை வைத்துத்தான். முதல் தடவை எவ்வளவு அழகாகப் பாடுகிறது என்பதில் எனக்கு அக்கறை குறைவு. ஒரு வாத்தியத்தைத் தொடும்போது மற்றதைச் சிதைக்காமல் விடுகிறதா? இசைக்கலைஞர் கேட்கும் கேள்வி அதுதான்.

சூனோவையும் யூடியோவையும் அடுத்த வாரம் இந்தக் கேள்வியோடு உட்கார வைக்கிறேன். பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் 2024 ஜூனில் இரண்டின் மீதும் தொடுத்த வழக்குகளும், பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை அவர்கள் மறைந்த பிறகு, குடும்பத்தாரின் அனுமதியோடு, ‘லால் சலாம்’ படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் ஒலிக்கவைத்ததும் அதோடு சேர்ந்து வரும்.