ஹாலில் மாட்டும் ‘எம்டன்’: பழைய போர்ப் படம் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சூது வாது தெரிந்த ஆளை, யாருக்கும் பிடிகொடுக்காதவரை “அவன் பெரிய எம்டன்” என்று சொல்வது தமிழர் வீடுகளில் பழகிப்போன பேச்சு. அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் என்பது பலருக்குத் தெரியும். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த அதே கப்பல், ஐந்து வாரம் கழித்துப் பினாங்குக்குள்ளும் நுழைந்தது என்பது பினாங்குக்காரர்களிலேயே சிலருக்குத்தான் தெரியும்.

பழைய படப் பத்திரிகைகளில் வந்த போர்ச் சித்திரங்களைக் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டும் பழக்கம் உலகெங்கும் உண்டு. பினாங்கில் அப்படி ஒரு படம் மாட்ட நினைப்பவருக்கு எம்டன் படத்தைவிடப் பொருத்தமானது வேறில்லை. சென்னை, பினாங்கு என்று நம் இரண்டு கரைகளையும் தொட்ட கதை அது.

1914 அக்டோபர் 28, விடிவதற்குச் சற்று முன். எம்டனுக்கு உண்மையில் மூன்று புகைபோக்கிகள்தான். கேப்டன் கார்ல் வான் முல்லர் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல்போல் தோன்றச் செய்து துறைமுகத்துக்குள் வந்தார். நங்கூரமிட்டு நின்ற செம்சுக் என்ற ரஷ்யக் கப்பல்மீது டார்பிடோ பாய்ந்தது. இரண்டாவது டார்பிடோவில் கப்பல் பிளந்து மூழ்கியது. ரஷ்ய மொழியில் செம்சுக் என்றால் முத்து. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர். நூறு பேருக்கு மேல் காயம். கப்பலின் கேப்டன் அன்றிரவு கரையில் இருந்தார். வெளியேறும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. ஆனால் நீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளை நின்று தூக்கிக்கொண்டுதான் போனது. நவம்பர் 9ஆம் தேதி கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் எம்டன் அழிந்தது.

இந்தச் சம்பவங்களை வரைந்த ஓவியர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் இருந்தவர்கள் அல்லர். தந்தியில் வந்த செய்தியையும் பிழைத்தவர்கள் சொன்னதையும் வைத்து, ஐரோப்பாவில் மேசை முன் அமர்ந்து வரைந்தவர்கள். அதனால் படத்தை வாங்குமுன் புகைபோக்கிகளை எண்ணிப் பார்க்கலாம். பினாங்குத் தாக்குதல் என்று சொல்லும் படத்தில் எம்டனுக்கு நான்கு இருக்க வேண்டும். பளிச்சென்ற பகல் வெளிச்சத்தில் சண்டை நடப்பதாக இருந்தால், அதில் பாதி ஓவியரின் கற்பனை. அதற்காக அந்தப் படம் வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

அசலா நகலா என்பதற்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். இலண்டனில் 1842இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் போன்ற இதழ்கள் முதலில் மரக்கட்டையில் செதுக்கித்தான் படம் அச்சிட்டன. பெரிய படம் என்றால் பல துண்டுக் கட்டைகளைச் சேர்த்து முடுக்கி, ஆளுக்கொரு துண்டாகச் செதுக்குவார்கள். அவற்றில் கோடுகள் மட்டுமே தெரியும். சில படங்களில் துண்டுகள் சேர்ந்த இடம் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிவதும் உண்டு. 1914 வாக்கில் வந்தவற்றில் கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும். நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் பூப்போல் கலந்திருந்தால் அது பிற்கால வண்ண அச்சு. அசல் பக்கத்தின் பின்புறத்தில் பெரும்பாலும் வேறு செய்தியோ விளம்பரமோ இருக்கும். இரட்டைப் பக்கப் படம் என்றால் நடுவே மடிப்பும் இருக்கும். நகலும் அழகுதான், அசல் விலை கொடுக்காத வரை.

பினாங்கின் ஈரக்காற்று பழைய தாளுக்கு எமன். தாள் கண்ணாடியில் ஒட்டாதபடி இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்ல வேண்டும். அதுவும் அமிலமில்லாத அட்டையாக இருக்க வேண்டும். சாதாரண அட்டை சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கிவிடும். பின்பலகையில் பசை தடவிப் படத்தை ஒட்டவே கூடாது. வெயில் விழும் சுவர், குளியலறைச் சுவர், ஊதுபத்திப் புகை படியும் சாமி மேடைப் பக்கம் எல்லாம் ஆகாது. இராமபாணப் பூச்சி நுழையாதபடி சட்டத்தின் பின்பக்கத்தை மூடி ஒட்ட வேண்டும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே சிறிது காற்று போகட்டும்.

எம்டனை மாட்டும் கை, 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜார்ஜ்டவுன்மீது ஜப்பானியர் குண்டு போட்ட காட்சியை மாட்டத் தயங்கும். விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றவர்கள் மாண்ட நாள் அது. சயாம் மரண ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பேரப்பிள்ளைகள் தோட்டத்திலும் பட்டணத்திலும் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பாதையின் சித்திரங்களாக இன்று நாம் பார்ப்பவை பெரும்பாலும் ஜாக் சால்க்கர், ரொனால்ட் சீர்ல் போன்ற போர்க்கைதிகள் ஒளித்து ஒளித்து வரைந்தவை. அவற்றை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், ஹாலில் சோபாவுக்கு மேல் மாட்ட மனம் வராது. செம்சுக் மாலுமிகளும் யாருடைய பிள்ளைகளோதான். நமக்கு அவர்கள் தூரத்தில் இருப்பதால் படம் அழகாகத் தெரிகிறது.

அவர்களில் சிலர் ஜார்ஜ்டவுன் ஜாலான் உத்தாமா, அதாவது பழைய வெஸ்டர்ன் ரோடு, கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அங்கே அவர்களுக்கு நினைவுச்சின்னமும் உண்டு. படத்தை மாட்டுமுன் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போகலாம். பிறகு சட்டத்தின் பின்புறம் கப்பல்களின் பெயர், நாள், இறந்தவர் கணக்கு, படம் வந்த இதழ் ஆகியவற்றை எழுதி ஒட்டி வைக்கலாம். நாளைக்கு அந்தப் படத்தைக் கழற்றிச் சுத்தம் செய்பவர் வேறு ஒருவராக இருப்பார்.