இலவச மருந்து வாங்கினால் விசாவுக்குப் பாதிப்பு வருமா?

பிரிட்டனில் குடியேறிய நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பார்மசியில் இலவசமாக மருந்து வாங்கினால், நாளை விசா நீட்டிக்கும்போது அது நமக்கு எதிராகத் திரும்புமா?"

இந்தப் பயத்தினால், சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கும் சகோதரிகள் சிலர் மாதாமாதம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கையில் காசில்லாத மாதம் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறவர்களும் உண்டு. உண்மையில் அவர்களுக்கு அந்த மருந்து இலவசமாகவே கிடைக்க வேண்டியது. ஆகவே இந்த விஷயத்தைத் தெளிவாகப் பார்த்துவிடுவோம்.

'பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்றால் என்ன?

வாழ்க்கைத்துணை விசா, வேலை விசா, மாணவர் விசா ஆகியவற்றில் வருவோருக்குப் பெரும்பாலும் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்ற நிபந்தனை இருக்கும். அரசின் எந்த உதவியையும் தொடக்கூடாது என்று பலர் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். அது தவறு. எவையெல்லாம் பப்ளிக் ஃபண்ட்ஸ் என்பதற்குக் குடிவரவு விதிகளில் ஒரு பட்டியல் உண்டு. யுனிவர்சல் கிரெடிட், சைல்டு பெனிஃபிட், ஹவுசிங் பெனிஃபிட், பென்ஷன் கிரெடிட் போன்றவை அதில் வருகின்றன. என்.எச்.எஸ். சிகிச்சை அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளைகளின் அரசுப் பள்ளிப் படிப்பும் இல்லை. மருந்துக் கட்டண விலக்கும் இல்லை. எனவே தகுதியுள்ள ஒருவர் இலவசமாக மருந்து வாங்குவது விசா நிபந்தனையை மீறுவதாகாது.

யாருக்கு இலவசம்?

வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகிய மூன்றிலும் என்.எச்.எஸ். மருந்துச் சீட்டுக்குக் கட்டணமே இல்லை. இங்கிலாந்தில் மட்டும் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. விசாவுக்காக ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியவர்களும் இதைத் தனியாகக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் இங்கிலாந்திலும் பின்வருவோருக்கு விலக்கு உண்டு:

- 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். முழுநேரம் படிக்கும் 16 முதல் 18 வயது வரையுள்ளோர்.
- 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோர்.
- கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று 12 மாதம் ஆகாத தாய்மார்கள். இதற்கு மகப்பேற்று விலக்குச் சான்றிதழ் வேண்டும்.
- மருந்து எடுக்கும் சர்க்கரை நோயாளிகள், தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுப்போர், வலிப்பு நோய்க்குத் தொடர்ந்து மருந்து எடுப்போர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர் போன்றோர். இவர்களுக்கு மருத்துவ விலக்குச் சான்றிதழ் வேண்டும். ஜி.பி.யிடம் கேட்டால் விண்ணப்பிக்க உதவுவார்கள். அது கையில் இருந்தால் அந்த நோய்க்கான மருந்து மட்டுமல்ல, மற்ற மருந்துகளும் இலவசம்.

உணவுக் கட்டுப்பாட்டினால் மட்டும் சர்க்கரையைச் சமாளிப்போருக்கு இந்தச் சான்றிதழ் கிடையாது. இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் பட்டியலில் இல்லை.

வருமானம் குறைவாக இருந்தால்?

எச்.சி.1 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம். பொதுவாகச் சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. முழு உதவிக்குத் தகுதி இருந்தால் எச்.சி.2 சான்றிதழ் வரும். அதைக் கொண்டு மருந்து இலவசமாக வாங்கலாம். இதுவும் பப்ளிக் ஃபண்ட்ஸ் அல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை: இப்படிவத்தில் எழுதும் வருமானமும் விசா விண்ணப்பத்தில் காட்டும் வருமானமும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கக்கூடாது. எங்கும் உண்மையையே எழுதுங்கள்.

எந்த விலக்கும் பொருந்தாமல் அடிக்கடி மருந்து வாங்குவோருக்கு முன்பணச் சான்றிதழ் இருக்கிறது. 3 மாதத்துக்கு 32.05 பவுண்டு, 12 மாதத்துக்கு 114.50 பவுண்டு. ஆண்டுக்கு 12 மருந்து வாங்கினாலே லாபம். ஆண்டுச் சான்றிதழுக்கு 10 தவணையாகவும் கட்டலாம். கட்டணங்கள் மாறக்கூடும் என்பதால் வாங்குமுன் பார்மசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே கவனம் தேவை?

முதலாவது, யுனிவர்சல் கிரெடிட். குறைந்த வருமானத்தில் அதைப் பெறுவோருக்கு மருந்து இலவசம் என்பது உண்மைதான். ஆனால் யுனிவர்சல் கிரெடிட் பப்ளிக் ஃபண்ட்ஸ் பட்டியலில் உள்ளது. விசா நிபந்தனை உள்ளவர் அதற்கு விண்ணப்பித்தால் பிரச்சினை வரும். அங்கே சிக்கலாவது அந்த உதவித்தொகை, மருந்து அல்ல. கணவனோ மனைவியோ பிரிட்டிஷ் குடிமகனாக இருந்து அதைப் பெற்றால், அங்கீகாரம் பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது, பார்மசியில் தவறான குறியிடுவது. தகுதி இல்லாமலோ, சான்றிதழ் எடுக்காமலோ இலவசம் என்று குறியிட்டால், மருந்துக் கட்டணத்துடன் 100 பவுண்டு வரை அபராதம் வரலாம். கர்ப்பிணிகள் பலர் சான்றிதழ் எடுக்க மறந்து இதில் மாட்டிக்கொள்கிறார்கள். எந்தக் கட்டம் என்று தெரியாவிட்டால் காசைக் கொடுத்துவிட்டு, எஃப்.பி.57 என்ற ரசீதை அப்போதே கேட்டு வாங்குங்கள். தகுதி இருந்தது தெரியவந்தால் 3 மாதத்துக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம். அந்த ரசீதைப் பிறகு போய்க் கேட்டால் தரமாட்டார்கள்.

மூன்றாவது, விசாவை உண்மையிலேயே பாதிப்பது மருத்துவமனைக் கடன். சுகாதாரக் கட்டணம் கட்டாமல் விசிட் விசாவில் வரும் வாப்பா, உம்மா போன்றோர் மருத்துவமனையில் சேர்ந்தால் பில் வரலாம். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். ஜி.பி.யைப் பார்ப்பதற்கு யாருக்கும் கட்டணம் இல்லை. அவசரப் பிரிவில் தரும் சிகிச்சைக்கும் இல்லை. வார்டில் சேர்த்தாலோ, வெளிநோயாளியாகத் தொடர் சிகிச்சைக்கு அனுப்பினாலோ கட்டணம் தொடங்கும். அந்தக் கடன் 500 பவுண்டோ அதற்கு மேலோ கட்டப்படாமல் நின்றால், அடுத்த விசாவை அதைக் காட்டியே மறுக்கலாம். பில் வந்தால் ஒளிக்காமல் மருத்துவமனையோடு பேசித் தவணை கேளுங்கள். பெற்றோரை அழைக்குமுன் பயண மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

சட்டம் நமக்குத் தந்த உரிமையைப் பயத்தினால் விட்டுவிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதேபோல் நமக்கு உரிமையில்லாததற்குக் கையெழுத்திடவும் வேண்டாம். இன்று வீட்டிலுள்ள மருந்துகளை எடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன நோய்களில் ஒன்றுக்கு யாராவது காசு கொடுத்து மருந்து வாங்கிக்கொண்டிருந்தால், நாளைக் காலையிலேயே ஜி.பி.க்கு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள்.