நிச்சயதார்த்த மோதிரம் தொலைந்தால் காப்புறுதி கைகொடுக்குமா?

ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரிலோ கேம்பல் ஸ்திரீட்டிலோ மோதிரம் வாங்கப் போகும் குடும்பம் இன்று டிசைனைப் பார்ப்பதற்கு முன்பே 916 தங்கத்தின் விலையைத்தான் பார்க்கிறது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் ஏறக்குறைய 2,600 அமெரிக்க டாலராக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அது 4,000 டாலரைத் தாண்டியது. பரிசம் போட்டு மோதிரம் மாற்றுவதற்கே மாதக்கணக்கில் பணம் சேர்க்க வேண்டிய நிலை.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய மோதிரம் திருடு போனால் என்ன செய்வது? "வீட்டுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்பது பலருடைய பதில். அந்த இன்சூரன்ஸ் மோதிரத்துக்கும் சேர்த்துத்தானா என்பதைப் பாலிசியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

கட்டடத்துக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று

வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கி எடுக்கச் சொல்லும் காப்புறுதி பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே. தீ விபத்துப் பாலிசியும் 'ஹவுஸ்ஓனர்' பாலிசியும் சுவர், கூரை, கதவு போன்றவற்றுக்கு உரியவை. வீட்டுக்குள் இருக்கும் தட்டுமுட்டுச் சாமான், டிவி, நகை எல்லாம் 'ஹவுஸ்ஹோல்டர்' என்ற இன்னொரு பாலிசியில் அடங்கும்.

ஹவுஸ்ஹோல்டர் எடுக்க வீடு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. ஜார்ஜ்டவுன் அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவரும், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டில் இருப்பவரும் தங்கள் பொருளுக்கு இதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

நகைக்கு உள்ள வரம்பு

மலேசியாவில் வழக்கமான ஹவுஸ்ஹோல்டர் பாலிசியில் நகைக்கு இரண்டு வரம்புகள் உண்டு. தங்கம், வெள்ளி, நகை எல்லாம் சேர்ந்து மொத்தக் காப்புறுதித் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தனியாக எழுதிக் கொடுக்காத எந்த ஒரு நகைக்கும் மொத்தத் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டுப் பொருள்களுக்கு 40,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறீர்கள். எல்லா நகைக்கும் சேர்த்து உச்ச வரம்பு 13,333 வெள்ளி. ஒரு நகைக்கு 2,000 வெள்ளி. மோதிரத்தின் மதிப்பு 5,000 வெள்ளி என்றால், அதைத் தனியே பெயர், எடை, மதிப்பு குறிப்பிட்டுப் பாலிசியில் சேர்க்காதவரை மீதி 3,000 வெள்ளி உங்கள் நட்டம்.

குறைத்துக் காட்டினாலும் சிக்கல்தான். வீட்டில் 60,000 வெள்ளிப் பொருள் இருக்க, கட்டணத்தை மிச்சப்படுத்த 40,000 என்று எழுதினால், நட்டஈடும் அதே விகிதத்தில் குறையும். 1,800 வெள்ளி நட்டத்துக்கு 1,200 வெள்ளிதான் வரும்.

எப்படித் திருடு போனது?

ஹவுஸ்ஹோல்டர் பாலிசியில் திருட்டு என்றால், பூட்டையோ கதவையோ உடைத்து நுழைந்ததற்கு அடையாளம் இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. கல்யாண வீட்டில் கதவு திறந்து கிடக்க, வந்து போனவர்களில் யாரோ மேசை மேலிருந்த மோதிரத்தை எடுத்துவிட்டால் இழப்பீடு கிடைப்பது கடினம். வீடு 90 நாளுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தாலும் திருட்டுக்கான பாதுகாப்பு நின்றுவிடும்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கூட்டத்தில் விரலில் இருந்து நழுவினாலோ, பட்டர்வொர்த்தில் பெர்ரிக்கு நிற்கும்போது பறிபோனாலோ சாதாரண ஹவுஸ்ஹோல்டர் பொறுப்பேற்காது. வெளியில் அணிந்து செல்லும் நகைக்கு 'ஆல் ரிஸ்க்ஸ்' என்ற காப்புறுதி இருக்கிறது. தனிப் பாலிசியாகவோ ஹவுஸ்ஹோல்டருடன் இணைத்தோ எடுக்கலாம். திருட்டு, வழிப்பறி, விபத்தால் ஏற்படும் இழப்பு, சேதம் ஆகியவை இதில் வரும்.

'ஆல்' என்றாலும் விதிவிலக்கு இல்லாமல் இல்லை. நாள்பட்ட தேய்மானம் சேராது. கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எப்படித் தொலைந்தது என்றே தெரியாவிட்டால் கிடைக்குமா? காரில் வைத்துவிட்டுப் போனது களவு போனால்? கல் மட்டும் விழுந்துவிட்டால்? தமிழ்நாட்டுக்குப் போகும்போது தொலைந்தால்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெண் வீடா, மாப்பிள்ளை வீடா?

நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையில் சில மாதங்கள் போகும். மாப்பிள்ளை வாங்கிய மோதிரம் பெண் கையில், பெண்ணின் பெற்றோர் வீட்டில் இருக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பாலிசி அந்த வீட்டில் சேர்ந்து வாழும் குடும்பத்தாரின் பொருளுக்குத்தான். ஆகவே அந்த மோதிரத்தைப் பெண் வீட்டுப் பாலிசியில் சேர்க்க வேண்டும். அல்லது பெண் தன் பெயரிலேயே ஆல் ரிஸ்க்ஸ் எடுக்க வேண்டும். கல்யாணமாகி வீடு மாறியதும் புது முகவரியைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் அவசியம்.

அடகுக்கடையில் வைத்தால் பத்திரமா?

வீட்டில் வைக்கப் பயந்து, சிறு தொகைக்கு நகையை அடகு வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டு அடகுக்கடைச் சட்டப்படி வட்டி மாதம் 2 விழுக்காடு, தவணை ஆறு மாதம். கடை கொள்ளை போனாலோ தீப்பிடித்தாலோ, கடன் கழிந்துபோக, கடன் தொகையில் 25 விழுக்காடு இழப்பீடாகக் கிடைக்கும். நகையின் மதிப்பில் அல்ல, கடன் தொகையில்.

2,000 வெள்ளிச் சங்கிலியைப் பத்திரத்துக்காக 200 வெள்ளிக்கு வைத்தவருக்கு, அந்த 200 கழிந்து, கையில் கிடைப்பது வெறும் 50 வெள்ளி. அவசரப் பணத்துக்கு அடகுக்கடை உதவும். நகைப் பெட்டகமாக அதை நினைக்கக்கூடாது. வங்கிப் பெட்டகம் எடுப்பவர்களும் உள்ளே இருக்கும் நகைக்குக் காப்புறுதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

நகைக்கடை ரசீதில் எடை, தங்கத்தின் தரம், கல்லின் விவரம், செய்கூலி எல்லாம் இருக்கட்டும். வைரம் என்றால் அதன் சான்றிதழும் வேண்டும். பாட்டி கொடுத்த பழைய நகைக்கு ரசீது இருக்காது. நகைக்கடையில் எடை போட்டு, கடை முத்திரையுடன் மதிப்பீட்டுக் கடிதம் வாங்கலாம். முத்திரை தெரியும்படி படம் எடுத்து, கைப்பேசியோடு நிறுத்தாமல் வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்.

தங்கம் ஏறும் வேகத்தில் போன ஆண்டு எழுதிய மதிப்பு இந்த ஆண்டுக்குப் போதாமல் போகலாம். பாலிசி புதுப்பிக்கும்போது மதிப்பையும் புதுப்பியுங்கள். காப்புறுதிக் கட்டணத்துடன் 8 விழுக்காடு சேவை வரியும் 10 வெள்ளி முத்திரைக் கட்டணமும் சேரும். கட்டணம் 100 வெள்ளி என்றால் மொத்தம் 118 வெள்ளி.

எல்லா மோதிரத்துக்கும் தனிக் காப்புறுதி தேவையில்லை. சில நூறு வெள்ளி மோதிரத்துக்கு ஆண்டுதோறும் கட்டும் பணமும், இழப்பில் நாமே ஏற்க வேண்டிய முதல் தொகையும் சேர்ந்து அதன் விலையை எட்டிவிடலாம். இது தொலைந்தால் இன்னொன்று வாங்கக் கடன் வாங்க வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் காப்புறுதி எடுப்பது நல்லது.

கோரிக்கையை மறுத்தால்

நகை தொலைந்தால் தாமதிக்காமல் போலீசில் புகார் செய்யுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். இழப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால், 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து செயல்படும் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவையான எஃப்எம்ஓஎஸ்ஸை நாடலாம். பயனீட்டாளருக்கு அது இலவசம். நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கல்யாண மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் கட்டும் பட்டியலில், ஹவுஸ்ஹோல்டர் பாலிசியை எடுத்து ஒருமுறை படிக்கும் வேலையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம் விரலில் ஏறுவதற்கு முன்பே அதை முடித்துவிடலாம்.