12 வருஷம் காத்திருக்கும் குறிஞ்சி... 74 வயதில் முட்டையிட்ட பறவை!

கொமரலிங்கம் வயல்களுக்குப் பாயும் அமராவதித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் ஆனைமலைப் புல்வெளிகளிலிருந்துதான். அந்தப் புல்வெளிகளின் சொந்தக்காரி, நீலக்குறிஞ்சி.

உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போனால் இரவிகுளம் தேசியப் பூங்கா. அங்கே 2006-ல் பூத்த குறிஞ்சி, அடுத்து 2018-ல் பூத்தது. இனி 2030-ல்தான். வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்து, விதை விட்டதும் செடி செத்துவிடும். ஒன்றிரண்டாகப் பூத்தால் விதைகளைப் பூச்சிகளும் பிராணிகளும் தின்று தீர்த்துவிடும். மலை முழுக்கச் சேர்ந்து பூத்தால், தின்றது போக மிச்சம் முளைக்கும். இப்படித்தான் விளக்குகிறார்கள் ஆய்வாளர்கள்.

இதற்கு நேர் எதிர், பசிபிக் பெருங்கடலின் லேசான் அல்பட்ராஸ். 1956 டிசம்பரில், மிட்வே தீவில் ஒரு பெண் பறவையின் காலில் வளையம் மாட்டினார் பறவையியலாளர் சாண்ட்லர் ராபின்ஸ். 2002-ல், 46 வருஷம் கழித்து, அதே பறவை மீண்டும் அவர் கையில் சிக்கியது! 'விஸ்டம்' என்று பெயர் பெற்ற அந்தப் பறவை, 2024 நவம்பரில், சுமார் 74 வயதில் இன்னொரு முட்டையிட்டது.

இந்தப் பறவை வருஷத்துக்கு ஒரு முட்டைக்கு மேல் இடாது. ஆணும் பெண்ணும் முறை வைத்து இரண்டு மாதம் அடைகாக்கும். குஞ்சு பறக்க மேலும் ஐந்தாறு மாதம் ஆகும்.

சேர்த்த பணத்தையெல்லாம் ஒரே கல்யாணத்தில் செலவழிக்கும் அப்பா மாதிரி குறிஞ்சி. மாதாமாதம் சிறுகச் சிறுகச் சீட்டுக் கட்டும் அம்மா மாதிரி அல்பட்ராஸ். இரண்டு வழியிலும் வம்சம் தழைத்திருக்கிறது.

ஆபத்தும் அவரவர் வழியிலேயே வருகிறது. பூத்த வருஷத்தில் ஒரு கொத்தைப் பறித்தால், 12 வருஷக் காத்திருப்பு வீண். மீன்பிடித் தூண்டிலில் ஒரு தாய்ப்பறவை சிக்கினால், இனி வரவேண்டிய அத்தனை குஞ்சுகளும் போச்சு. போதாக்குறைக்கு, கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கை இரையென்று எடுத்துவந்து குஞ்சுக்கு ஊட்டிவிடுகின்றன இந்தப் பறவைகள்.

2030-ல் குடும்பத்தோடு மூணாறு போகிறவர்களே... கண்ணால் பாருங்கள், போனில் படம் பிடியுங்கள், பறிக்க மட்டும் வேண்டாம். தண்ணீர் பாட்டிலையும் கையோடு திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். அமராவதியில் விழுவது கரூர் தாண்டிக் காவிரியில் கலந்து, கடைசியில் கடலுக்குத்தான் போகும். மேலே புல்வெளி பிழைத்திருந்தால்தான், கீழே நம் வாய்க்காலில் தண்ணீர் ஓடும்!